கலங்கிய தொட்டி

இசைப்பிரியா மீன் தொட்டி கேட்க ஆரம்பித்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. "பாக்கலாம், பாக்கலாம்" என்று தள்ளிக்கொண்டே வந்த அன்புக்கரசி, ஆதிலட்சுமி மேடத்தின் வீட்டுக்கு ஒருமுறை போய் வந்த பிறகு சட்டென்று மனம் மாறினாள்.

ஆதிலட்சுமி அவளுடைய அலுவலகப் பிரிவில் மூத்தவர். அன்புக்கரசி அந்தப் பிரிவுக்கு மாற்றலாகி வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. மேடத்தின் வீட்டுக் கூடத்தில் சுவரோரமாக ஒரு பெரிய தொட்டி இருந்தது. உள்ளே தண்ணீர் இருப்பதே கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவு தெளிவு. சோபாவில் உட்கார்ந்து டீ குடித்தபடி அதையே பார்த்துக்கொண்டிருந்த அன்புக்கரசிக்கு, தன் குவார்ட்டர்ஸ் கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளும் துணி காயும் கொடியும் கிடப்பது நினைவுக்கு வந்தது. மகளின் பிறந்தநாளுக்கு அலுவலகத்தில் எல்லாரையும் கூப்பிட்டிருந்தாள். அதற்குள் கொடி போய்விட வேண்டும், தொட்டி வந்துவிட வேண்டும்.

மெயின் பஜாரில் மீன் கடை வைத்திருந்த வெள்ளைச்சாமி, கண்ணாடித் தொட்டி, மோட்டார், ஃபில்டர், வண்ணக் கூழாங்கல் எல்லாவற்றையும் ஆட்டோவில் ஏற்றிவிட்டுச் சொன்னார்:

"தண்ணி ஊத்தி மோட்டார ஓட விட்டுருங்கம்மா. கொஞ்ச நாளு வெறுந்தண்ணியாவே ஓடட்டும். அப்புறமா வந்து ரெண்டு மூணு மீன் வாங்கிட்டுப் போங்க. மொத்தமா விட்டா புதுத் தொட்டி தாங்காது."

"பொறந்தநாளு வருதுங்க. வெறுந்தண்ணியவா பாத்துக்கிட்டிருப்பாங்க எல்லாரும்?" என்று சிரித்தாள் அன்புக்கரசி. அப்போதே ஒரு பை நிறைய தங்கமீன்களும் வாங்கிக்கொண்டாள். 

இரண்டு நாளில் தண்ணீர் வெளுத்தது. யாரோ ஒரு தம்ளர் மோரை ஊற்றியது போல இருந்தது. அவள் கணவன் அருண்ராஜ் சுரங்கத்தில் கன்வேயர் பிரிவில் ஷிப்ட் பார்ப்பவன். "வுடு, தானா சரியாப் போயிடும்" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனான். அன்புக்கரசிக்கு அப்படி விட முடியவில்லை. மீன்களைக் குண்டானில் பிடித்து விட்டாள். தண்ணீர் முழுவதையும் இறைத்துக் கொட்டினாள். கூழாங்கற்களை அரிசி கழுவுவது போலப் பலமுறை அலசினாள். ஃபில்டர் பஞ்சைக் குழாயடியில் பிடித்துப் பிழிந்து பிழிந்து வெள்ளையாக்கினாள். புதுத் தண்ணீர் ஊற்றினாள். ஒரு நாள் பளிச்சென்று இருந்தது. மறுநாள் சாயங்காலம் முன்னைவிட மோசமாக வெளுத்தது. மறுபடியும் இறைத்தாள், மறுபடியும் கழுவினாள். மறுபடியும் அதே கதை. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின.

பிறந்தநாளுக்கு முதல் நாள் அவளுடைய அக்கா கனகம் ஒத்தாசைக்கு வந்தாள்.

குள்ளஞ்சாவடிக்குப் பக்கத்துக் கிராமத்தில்தான் கனகம் இருந்தாள். அப்பாவுக்குத் தமிழ்ப் பெயர் வைக்கும் ஆசை வருவதற்கு முன்பே பிறந்துவிட்டதால் அவளுக்குக் கனகம் என்று பெயர். பிறகு பிறந்தவளுக்கு அன்புக்கரசி. சின்ன வயதிலிருந்தே கனகத்துக்கு முந்திரிக் கொட்டை உடைக்கும் வேலை. கொட்டையின் ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் பட்ட இடம் வெந்து கறுத்துவிடும். சாம்பலைத் தொட்டுத் தொட்டு உடைத்தாலும் விரல் நுனிகளின் கறுப்பு போவதில்லை. அன்புக்கரசி டைப்ரைட்டிங் படித்ததும், வேலைக்குப் பரீட்சை எழுதியதும் அந்த விரல்களின் உழைப்பில்தான். இது அருண்ராஜுக்குத் தெரியும். அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது. ஊரில் என்ன என்று ஒருமுறை ஆதிலட்சுமி கேட்டபோது, "எங்களுக்கு முந்திரிதான் மேடம்" என்று சொல்லியிருந்தாள். மேடம் அதைத் தோப்பு என்று எடுத்துக்கொண்டார். அன்புக்கரசி திருத்தவில்லை.

வாசலில் செருப்பை விட்டதும் கனகம் நேராகத் தொட்டியிடம்தான் போனாள்.

"ஏண்டி பாப்பா, என்னா இது கஞ்சித் தண்ணியாட்டம் இருக்குது? மீனுங்களுக்குக் கண்ணு தெரியுமா?"

"கைய வெச்சுப் பாருங்க பெரிம்மா, வந்து கடிக்கும், கூச்சமா இருக்கும்" என்றாள் இசைப்பிரியா.

கனகம் கையை நன்றாகக் கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து, ஒரு விரலைத் தண்ணீரில் வைத்தாள். ஒரு மீன் வந்து முட்டியது. "ஐயய்ய!" என்று விரலை இழுத்துக்கொண்டு அவள் சிரித்ததில் இசைப்பிரியாவும் சேர்ந்து சிரித்தாள். சமையலறையில் இருந்த அன்புக்கரசிக்கு அந்தச் சிரிப்பு நன்றாகக் கேட்டது.

மறுநாள் சாயங்காலம் கூடம் நிறைந்தது. கேக் வெட்டியாயிற்று. இசைப்பிரியாவின் தோழிகள் பலூன்களோடு வெளியே ஓடினார்கள். அருண்ராஜுக்கு ஷிப்ட், அவன் இல்லை. ஊரிலிருந்து தான் கொண்டுவந்த முந்திரிப் பருப்பை வறுத்துப் போட்டு, கனகமே பாயசம் வைத்திருந்தாள். தம்ளர்களைத் தட்டில் அடுக்கி அவள் எடுத்துக்கொண்டு வந்தபோது ஆதிலட்சுமி நிமிர்ந்து பார்த்தார்.

"யாரு அன்பு இவங்க? வேலைக்கு வெச்சிருக்கீங்களா?"

எங்க அக்கா. ரெண்டே வார்த்தை. அது நாக்கு வரைக்கும் வந்தது. கனகம் கட்டியிருந்த புடவை அன்புக்கரசியே போன தீபாவளிக்கு எடுத்துக் கொடுத்தது. மடிப்புக் கலையாமல் இருந்தது. தட்டைப் பிடித்திருந்த விரல்கள் மட்டும் கறுப்பாக இருந்தன.

"ஊர்லேர்ந்து… ஒத்தாசைக்கு வந்திருக்காங்க மேடம்" என்றாள்.

கனகம் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. தட்டை முதலில் மேடத்திடம் நீட்டினாள். மேடம் ஒரு தம்ளரை எடுத்துக்கொண்டு தொட்டியின் பக்கம் திரும்பினார்.

"என்ன அன்பு, தண்ணி இப்படி பாலா இருக்கு? அய்யோ, அங்க ஒண்ணு செத்துப் போச்சு போலிருக்கே!"

எல்லாரும் எழுந்து வந்து பார்த்தார்கள். மூலையில் ஒரு மீன் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. அன்புக்கரசிக்குக் காது மடல் சுட்டது. இத்தனை நாள் இறைத்து இறைத்துக் கழுவியதும், கடைக்காரர் சொன்னதைக் கேட்காமல் மீன் வாங்கியதும் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது போல இருந்தது. அவள் வாய் தானாகப் பேசியது.

"இவங்க நேத்து கைய விட்டுட்டாங்க மேடம். முந்திரி உடைக்கிற கை. அந்த எண்ணெய் எறங்கிடுச்சு. ஊர்லேர்ந்து வர்றவங்களுக்கு இதெல்லாம் எங்க தெரியுது?"

சொல்லிவிட்டுச் சிரிக்கவும் சிரித்தாள். யாரோ கூடவே சிரித்தார்கள். பிறகு எல்லாருடைய கண்ணும் தட்டைப் பிடித்திருந்த கைகளுக்குப் போயிற்று. பாயசத் தம்ளரை எடுக்கக் கையை நீட்டிய ஒரு பெண் கையை மெல்ல இழுத்துக்கொண்டு, "எனக்கு சுகருங்க" என்றாள். கொஞ்ச நேரத்துக்கு முன்புதான் அவள் கேக் சாப்பிட்டிருந்தாள்.

கனகம் தட்டை மேசை மேல் வைத்தாள். "எடுத்துக்குங்கம்மா" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு உள்ளே போனாள். அதற்குப் பிறகு கூடத்துக்கு வரவில்லை.

வந்தவர்கள் போன பின் அன்புக்கரசி சமையலறைக்குப் போனாள். எல்லாப் பாத்திரங்களும் துலக்கிக் கவிழ்க்கப்பட்டிருந்தன. எதையாவது சொல்ல வேண்டும் என்று நின்றாள். "பாயசம் நெறைய மிஞ்சிப் போச்சு" என்றுதான் சொல்ல வந்தது. "ம்" என்றாள் கனகம். அவள் இரண்டு நாள் தங்குவதாகச் சொல்லித்தான் வந்திருந்தாள். விடிந்ததும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"கொட்ட வந்து எறங்கியிருக்குதாம். போவணும்."

"நான் வண்டியில கொண்டாந்து வுடறேன்க்கா."

"வாணாம். நடந்துக்குவேன்."

அவள் போய்ச் சேர்ந்தும் சேராத நேரத்தில், பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்த இசைப்பிரியா ஷூ கயிற்றைக் கட்டியபடி கேட்டாள்.

"பெரிம்மா வர்றதுக்கு முன்னாடியே தண்ணி அப்படித்தானேம்மா இருந்துச்சு?"

"நேரமாவுது, கெளம்பு" என்றாள் அன்புக்கரசி.

அன்றைக்கு அலுவலகத்தில் அவளுக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. சின்ன வயதில் அம்மாவோடு வேர்க்கடலை பறிக்கப் போன நாட்கள் நினைவுக்கு வந்தன. பம்பு செட்டுத் தொட்டியில் தண்ணீர் ததும்பிக்கொண்டிருக்கும். நிலத்துக்காரர் வீட்டம்மா, "கைய வெச்சிடாதீங்க, நான் மொண்டு ஊத்தறேன்" என்று சொல்லிக்கொண்டே வருவார். அவர்கள் கைகளைக் குவித்துக்கொண்டு வரிசையாக நிற்பார்கள். அந்தம்மா கெட்டவர் இல்லை. வயிறு நிறைய ஊற்றுவார். அதை நினைக்க நினைக்க, நேற்று தன் கூடத்தில் தான் பேசியது யாருடைய குரல் என்று அன்புக்கரசிக்குப் புரிந்தது. கம்ப்யூட்டர் திரைக்கு முன்னால் தலையைக் குனிந்துகொண்டாள்.

சாயங்காலம் வெள்ளைச்சாமியின் கடைக்குப் போனாள். மீன் செத்ததைச் சொன்னாள். பிறகு, கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டாள்.

"கையில முந்திரி எண்ணெய் இருந்து, அது தண்ணியில பட்டா… இப்படி ஆகுமாங்க?"

ஆகும் என்று அவர் சொல்ல வேண்டுமென்று அவள் மனசு ஏங்கியது. கொஞ்சமாவது ஆகும் என்று சொன்னால்கூடப் போதும்.

"எண்ணெய்னா மேல படலமா மினுங்கும்மா. இப்படிப் பால் மாதிரி ஆவாது. புதுத் தொட்டி எல்லாமே இப்படித்தான் ஆவும். கண்ணுக்குத் தெரியாத கிருமி அதுல பெருகி, அடங்கி, அப்புறம் தன்னால தெளியும். நீங்க மொத்தத் தண்ணியையும் மாத்தி, பஞ்சையும் புழிஞ்சு கழுவியிருப்பீங்க."

"ஆமா."

"அப்ப ஒவ்வொரு தடவையும் மொதல்லேர்ந்து ஆரம்பிக்கும். தீனியக் கொறைங்க. செத்தத எடுத்துருங்க. தெனம் கொஞ்சூண்டு தண்ணி மட்டும் மாத்துங்க, ஒரு நாள் புடிச்சு வெச்ச தண்ணியா ஊத்துங்க. மத்தபடி தொந்தரவு பண்ணாம விடுங்க."

தண்ணீரைக் கலக்கியது தானேதான் என்று இப்போது சந்தேகத்துக்கு இடமில்லாமல் ஆகிவிட்டது. முன்பும் சந்தேகம் இருக்கவில்லை என்பதுதான் அவளை அறுத்தது. தெரியாமல் பழி போட்டிருந்தால் மன்னிப்புக் கேட்பது சுலபம். கனகம் வந்த அன்றைக்கே "கஞ்சித் தண்ணியாட்டம்" என்று சொன்னது அவள் காதில் விழுந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வடலூர் போய், அங்கிருந்து கடலூர் பஸ்ஸில் குள்ளஞ்சாவடியில் இறங்கினாள். அக்காவின் வீடு பூட்டியிருந்தது. கொட்டை உடைக்கும் கொட்டகைக்கு நடந்தாள். வறுத்த ஓட்டின் காரமான புகை நாசியில் ஏறி இருமல் வந்தது. பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் தட்டிக்கொண்டிருந்தார்கள். ஓரத்தில் இருந்த கனகம் அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, பிறகு அந்த மலர்ச்சியை அடக்கிக்கொண்டது தெரிந்தது.

பக்கத்தில் இருந்த பெண் சத்தமாகப் பேசினாள். "யாரு, ஆபீஸ்காரத் தங்கச்சியா? வாம்மா! ஒம் பொண்ணு பொறந்தநாளுன்னு ஒங்க அக்கா வேலைக்கே வரல, தெரியுமா? கறுப்பு போவணும்னு எலுமிச்சம் பழத்தத் தேச்சிகினு வூட்டுலயே ஒக்காந்துகினு இருந்தா. பெரிய பெரிய ஆளுங்கல்லாம் வருவாங்க, தங்கச்சிக்கு அசிங்கமாயிடக் கூடாதுன்னு. விழா நல்லா நடந்துதாமே, வந்து ஒரே பெருமையா சொன்னா!"

"நீ சும்மா இரு" என்று அவளை அதட்டினாள் கனகம்.

 அன்புக்கரசி அக்காவுக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள். கனகம் தட்டுவதை நிறுத்தவில்லை.

"அக்கா, நான் சொன்னது பொய்யின்னு எனக்கே தெரியும். நீ வர்றதுக்கு முன்னயே தண்ணி கெட்டுப் போயிருந்துச்சு. நான்தான்…"

"அத வுடு. மீனு எப்படி இருக்குது? மிச்சம் இருக்கறதுங்க பொழைச்சிதா?"

"அக்கா, மன்னிச்சிடுக்கா."

கனகம் நான்கைந்து கொட்டைகளை உடைத்து, பருப்பைத் தனியாகக் கூடையில் போட்டாள். பிறகு அவளைப் பார்க்காமலே பேசினாள். குரல் தாழ்ந்திருந்தது, பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்கக் கூடாதென்று.

"தண்ணிய நான்தான் கெடுத்தேன்னு சொன்ன பாரு, அதுகூட பரவால்ல. ஏதோ வாய்க்கு வந்துது, சொல்லிட்ட. அதுக்கு முன்ன அந்தம்மா, யாரு இவங்கன்னு கேட்டாங்களே, அப்ப நீ யோசிச்ச பாத்தியா… அந்த யோசனைதான் என்ன என்னமோ பண்ணுது. நான் தட்டோட நின்னுகினு இருக்கறேன், நீ யோசிச்சிகினு இருக்கற."

அன்புக்கரசி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"அழுவாத. எல்லாரும் பாக்கறாங்க. பொழுது சாயறதுக்குள்ள கெளம்பு, பாப்பா தனியா இருக்கும்."

"அவ அப்பா இருக்காரு. நீ வா அக்கா, வந்து நாலு நாள் இரு."

"வர்றப்ப வரேன்."

அன்றைக்கு அவ்வளவுதான். கனகம் வீட்டுக்கு அழைத்துப் போய்ச் சோறு போட்டாள், கருவாட்டுக் குழம்பு ஊற்றினாள். கூடவே பஸ் ஏற்றிவிடவும் வந்தாள். ஆனால் எப்போதும் பஸ் வரும்வரை ஓயாமல் பேசுகிறவள், அன்றைக்கு ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

திங்கட்கிழமை மதியம், டிபன் பாக்ஸ்களைத் திறந்து எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்திருந்தபோது அன்புக்கரசி சொன்னாள். 

"மேடம், அன்னைக்கி எங்க வீட்டுல பாயசம் குடுத்தாங்களே, அவங்க வேலைக்கு வந்தவங்க இல்ல. என் கூடப்பொறந்த அக்கா."

கரண்டிச் சத்தம் நின்றது.

"தண்ணி கலங்கினதுக்கும் அவங்களுக்கும் சம்பந்தமே இல்ல. நான்தான் தப்புத் தப்பா கழுவி அதக் கெடுத்தேன். எல்லார் முன்னாடியும் வெக்கமா இருந்துச்சு, அவங்க மேல போட்டுட்டேன். எங்களுக்கு முந்திரித் தோப்பும் கெடையாது மேடம். எங்கம்மாவும் கொட்டை உடைச்சாங்க. அக்கா இன்னமும் உடைக்கிறாங்க. அதுலதான் நான் படிச்சேன்."

சொல்லி முடித்தால் பாரம் இறங்கிவிடும் என்று நினைத்திருந்தாள். இறங்கவில்லை. ஆதிலட்சுமி தர்மசங்கடமாகச் சிரித்தார். "அட, இதுக்கா இவ்ளோ? நாங்க அத அன்னைக்கே மறந்துட்டோம் அன்பு. சாப்பிடு, சாப்பிடு." சுகர் என்று சொன்ன பெண் மட்டும் தலையை நிமிர்த்தவே இல்லை, சீக்கிரமாகச் சாப்பிட்டு எழுந்து போனாள். பேச்சு வேறெதற்கோ மாறியது. அதற்குப் பிறகு சில நாட்கள், அவள் வந்து உட்கார்ந்தால் மற்றவர்கள் கொஞ்சம் அதிகப்படியான மரியாதையோடு பேசினார்கள். அவளுக்கு அதுவும் தைத்தது. தைக்கட்டும் என்று இருந்தாள்.

அன்று வீட்டுக்குப் போனதும் கனகத்துக்கு போன் செய்தாள்.

"அக்கா, ஆபீஸ்ல சொல்லிட்டேன். நீ யாருன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்."

 "கொட்ட ஒடைக்கிறதையுமா சொன்ன?" என்றாள் கனகம்.

"சொன்னேன்."

"ஏண்டி சொன்ன? இப்ப ஒன்ன எப்படிப் பாப்பாங்க அவங்க? நீ தெனம் போயி ஒக்கார எடமாச்சே."

அக்கா தன்னை வைவாள், இல்லையென்றால் சந்தோஷப்படுவாள் என்று எதிர்பார்த்திருந்தாள் அன்புக்கரசி. இப்போதும் தன்னைப் பற்றியே அவள் கவலைப்படுவதைக் கேட்டதும், கொட்டகையில் வராத வெட்கம் எல்லாம் சேர்ந்து வந்தது. போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு மூக்கை உறிஞ்சினாள்.

"சரி, அழுவறியா? அழுவாத. பாப்பாவுக்குப் பரீட்சை முடியட்டும், வரேன்" என்று சொல்லி வைத்துவிட்டாள் கனகம்.

தொட்டியை அன்புக்கரசி தொந்தரவு செய்யவில்லை. இசைப்பிரியா பிடித்து வைத்த தண்ணீரில் ஒரு சொம்பு மட்டும் தினமும் மாற்றினாள். இன்னும் ஒரு மீன் செத்தது. பிறகு ஒரு காலையில் எழுந்து பார்த்தபோது, பின்னால் இருந்த சுவரின் சுண்ணாம்பு விரிசல் தொட்டியின் வழியாகத் தெரிந்தது. இசைப்பிரியா அதைப் போனில் படம்பிடித்து, அம்மாவைக் கேட்காமலே பெரியம்மாவுக்கு அனுப்பினாள்.

பரீட்சை முடிந்ததும் கனகம் சொன்னபடி வந்தாள். அன்புக்கரசியும் அருண்ராஜும் அன்று லீவு போட்டிருந்தார்கள், அவன் மீன் வாங்கி வந்தான். அலுவலகத்திலிருந்து திரும்பும் வழியில் ஆதிலட்சுமியும் எட்டிப் பார்த்தார். "எங்க அக்கா, மேடம்" என்று அன்புக்கரசி சொன்னாள். இரண்டு பேரும் வணக்கம் சொல்லிக்கொண்டார்கள். கனகம் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, கேட்ட கேள்விகளுக்கெல்லாம் "ஆமாங்க, ஆமாங்க" என்றாள். கைகளை முந்தானைக்குள் வைத்திருந்தாள். அன்புக்கரசி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அதை எப்படி எடுக்கச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

மேடம் போன பிறகு கனகம் சகஜமானாள். குழம்புக்குப் புளி அதிகம் என்று தங்கையைத் திட்டினாள். இசைப்பிரியாவுக்குப் பேன் பார்த்தாள். ஆனால் இருட்டத் தொடங்கியதும் பையை எடுத்துக்கொண்டாள்.

"தங்கிட்டுப் போயேன்க்கா."

"இன்னொரு தபா வந்தா தங்கறேன்."

அன்புக்கரசி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடந்தாள். வழியில் தெரிந்தவர்கள் இரண்டு பேர் எதிர்ப்பட்டார்கள், இரண்டு பேரிடமும் நின்று, கேட்காமலே சொன்னாள், "எங்க அக்கா." இரண்டாவது முறை சொன்னபோது கனகம் அவள் முழங்கையை இடித்து, "போதும், வாடி, பஸ்ஸு போயிடும்" என்றாள். குரலில் கோபம் இருந்ததா சிரிப்பு இருந்ததா என்று அன்புக்கரசியால் கண்டுபிடிக்க முடியவில்லை. பஸ்ஸில் கூட்டம். கனகம் ஏறி உள்ளே போய்விட்டாள். பஸ் திரும்பி மறையும்வரை அன்புக்கரசி ஜன்னல்களைப் பார்த்தபடி அங்கேயே நின்றாள்.